மறுக்கவில்லை என்பது ஒப்புதல் ஆகுமா? மனநல மருந்துச் சோதனைக்கு அனுமதி வழங்கிய நெறிமுறைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நெறிமுறைக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

என் தம்பி பங்கேற்ற மருந்துச் சோதனை பற்றி நான் அனுப்பிய ஒன்பது பக்க முறையீட்டுக்கு உங்களிடமிருந்து இரண்டே வாக்கியங்களில் பதில் வந்திருக்கிறது. பங்கேற்பாளரின் தகவலறிந்த ஒப்புதல் விதிகளின்படி எழுத்திலும் காணொளியிலும் பெறப்பட்டுள்ளது என்கிறது முதல் வாக்கியம். ஆய்வுக் காலத்தில் எந்த நிலையிலும் அவர் பங்கேற்க மறுக்கவில்லை, எனவே மேல்நடவடிக்கை தேவையில்லை என்கிறது இரண்டாவது. அந்த இரண்டாவது வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று வாரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்த பிறகு இம்மடலைப் பொதுவில் எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரையும் மருத்துவர்களின் பெயரையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இதே போன்ற பதிலை எழுதக்கூடிய மற்ற குழுக்களும் இதைத் தங்களுக்கு வந்த மடலாகவே படிக்க வேண்டும் என்பதுதான் காரணம்.

என் தம்பிக்கு இப்போது 43 வயது. அவனுடைய 24ஆம் வயதில் மனச்சிதைவு நோய் கண்டறியப்பட்டது. கோயிலுக்கோ தர்காவுக்கோ கொண்டுபோய்க் கட்டிப்போடச் சொன்ன உறவினர்களிடம் எங்கள் அம்மா, ஏர்வாடியில் வெந்து செத்த பிள்ளைகளையும் அப்படித்தானே கொண்டுபோய் விட்டார்கள் என்று கேட்டார். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்ட செய்தியை அம்மா மறக்கவே இல்லை. சங்கிலிக்கு மாற்று மருத்துவமனையும் மாத்திரையும்தான் என்று நம்பிய தலைமுறை அது. அந்த நம்பிக்கை பொய்க்கவும் இல்லை. ஒலன்சபைன் என்ற மனநோய் மாத்திரை தொடங்கி ஓராண்டுக்குள் தம்பி லேத் பட்டறைக்குத் திரும்பினான். அதன்பின் பதினைந்து ஆண்டுக்கும் மேலாக ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து, தன் சம்பளத்தைத் தானே எண்ணி வாங்கி வாழ்ந்தான். எடை ஏறியது, சர்க்கரையும் எட்டிப் பார்த்தது. அந்தக் கட்டத்தில்தான், எடையை ஏற்றாத புதிய மருந்து ஒன்று ஆய்வில் இருக்கிறது, மருந்தும் பரிசோதனையும் இலவசம், ஒவ்வொரு வருகைக்கும் பயணப்படி உண்டு என்று உங்கள் மருத்துவமனையில் சொன்னார்கள். அப்படிச் சொன்னதில் தவறில்லை. ஒத்துக்கொள்ள எங்களுக்கும் நியாயமான காரணம் இருந்தது.

ஒப்புதல் படிவம் 22 பக்கம். பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவள் நான். எந்தக் காகிதத்தை எடுத்தாலும் என் கை பென்சிலைத் தேடும். மூன்றாம் பக்கத்தில் ‘இது ஓர் இரட்டைக் குருட்டு ஆய்வு’ என்று இருந்தது. தம்பி அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, “ரெண்டு கண்ணும் போயிருமாக்கா?” என்று கேட்டான். நான் இல்லை என்றேன். யாருக்கு எந்த மாத்திரை போகிறது என்பது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது என்பதுதான் அதன் பொருள் என்று எனக்கே அப்போது தெரியாது. ஆங்கிலச் சொல்லை எவரோ சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. ஆறாம் பக்கத்தில் ‘கழுவி வெளியேற்றும் காலம் 7 நாட்கள்’ என்று இருந்தது. குடலைச் சுத்தம் செய்யப் பேதி மருந்து கொடுப்பார்கள் என்று அவன் எடுத்துக்கொண்டான், நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அந்த இரண்டு இடங்களையும் பென்சிலால் வட்டமிட்டு ஒருங்கிணைப்பாளரிடம் நீட்டினேன். அவர் பணிவோடுதான், “இதில் எதையும் எழுதக்கூடாதுங்க மேடம், கமிட்டி பாஸ் பண்ணின ஃபார்ம்” என்று சொல்லி வேறொரு பிரதி கொடுத்தார். அவர் சொன்னது உண்மை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் உங்கள் குழுவின் முத்திரையும் இருந்தன. பதினைந்து ஆண்டுகளாக ஒருவனைத் தாங்கி நின்ற மருந்தை ஏழு நாட்கள் முற்றிலுமாக நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தி அந்தச் சொற்றொடருக்குள் புதைந்து கிடந்தது. உங்களில் ஒருவராவது அந்தத் தமிழைப் படித்துவிட்டுத்தான் முத்திரை இட்டீர்களா? நெறிமுறைக் குழுவில் மருத்துவம் சாராத பொதுநபர் ஒருவர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனைகள் விதிகள் சொல்வது இப்படிப்பட்ட பக்கத்தை வெளியாளின் கண் கொண்டு ஒருவர் படிக்க வேண்டும் என்பதற்காகவே என்று நினைக்கிறேன்.

அந்தப் படிவத்தில் சாட்சியாகக் கையொப்பமிட்டவள் நான்தான். அதை மறைத்துவிட்டு இம்மடலை எழுதும் உரிமை எனக்கில்லை.

ஒப்புதலின் காணொளிப் பதிவைப் பார்க்க வேண்டும் என்று பின்னாளில் விண்ணப்பித்தபோது, ஓர் அறையில் உட்காரவைத்துக் காட்டினீர்கள். அந்த மரியாதைக்கு நன்றி உடையவளாகவே இதையும் சொல்கிறேன். அதில் மருத்துவர் படிவத்தை வாசிக்கிறார், பகுதிக்குப் பகுதி நிறுத்திப் புரிந்ததா என்று கேட்கிறார். தம்பி பதினோரு முறை “சரிங்க சார்” என்கிறான், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒரு பேரிங் வாங்கப் போனாலும் எந்த ஊரில் செய்தது, எத்தனை மாதம் தாங்கும், பழையதை எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரைத் துளைத்து எடுப்பவன் அவன். அவனை அறிந்த எவரும் அந்தப் பதினோரு சரிகளைக் கேட்டால், இவனுக்கு ஒன்றும் புரியவில்லை, எதிரே இருப்பவர் டாக்டர் என்பதால் தலையாட்டுகிறான் என்று சொல்லிவிடுவார்கள். உங்கள் கோப்பிலோ அந்தப் பதிவு சான்றாகச் சேர்ந்துவிட்டது. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று மருத்துவர் ஒருமுறை கேட்டிருந்தால் போதும், பேதி மருந்து பற்றிய நினைப்பு அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், முறையீட்டில் நாள்வாரியாக இருக்கிறது. மருந்தை நிறுத்திய ஐந்தாம் நாளே தூக்கம் குறைந்தது. ஆய்வு மாத்திரை தொடங்கி மூன்றாம் வாரத்தில் அவன் எங்களோடு சாப்பிட உட்காருவதை நிறுத்தினான். நான்காம் வாரத்தில் ஓர் இரவு இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். வீட்டில் இருந்த எல்லாப் பூட்டுகளையும் கழற்றி, உள்ளே இருந்த ஸ்பிரிங்குகளையும் லீவர்களையும் செய்தித்தாளில் அளவு வாரியாக அடுக்கிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் காதருகே பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவ்வளவு நேர்த்தியான வரிசை. பட்டறையில் அவன் கருவிகளை வைக்கும் அதே வரிசை. ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் ஒரு குரல் இருக்கிறது என்றான். படிவத்தில் 24 மணி நேரமும் அழைக்கலாம் என்று அச்சிட்டிருந்த எண்ணை ஆறு முறை அழைத்தேன், மணி அடித்து ஓய்ந்தது. காலையில் பேசிய ஒருங்கிணைப்பாளர், அடுத்த விசிட் வியாழக்கிழமைதான், விலகுவதாக இருந்தால் பங்கேற்பாளரே நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றார்.

வியாழக்கிழமை கூட்டிப் போனோம். விலகுகிறீர்களா என்று கேட்டார்கள். தொடர்கிறேன் என்றான். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. திரும்பும் வழியில் பேருந்தில் நான் கேட்டேன். இந்த மாத்திரை தனக்கு வைத்திருக்கும் பரீட்சை என்றும், பாதியில் எழுந்து வந்தால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றும் குரல் சொல்லியிருக்கிறதாம். அன்றைய பதிவேட்டின் நகல் இப்போது என்னிடம் இருக்கிறது. ‘பங்கேற்பாளர் ஆய்வில் தொடர விருப்பம் தெரிவித்தார்’ என்று எழுதியிருக்கிறது.

உறுப்பினர்களே, நீங்கள் சொல்லும் ‘மறுக்கவில்லை’ என்பது இதுதான்.

சிறுநீரகத்துக்கோ தோலுக்கோ ஒரு மருந்தைச் சோதிக்கும்போது, முதல் நாள் ஒப்புதல் கொடுத்த மனம் நூறாம் நாளும் ஏறத்தாழ அதே மனமாக இருக்கும். உடம்பில் என்ன மாறினாலும் போதும் என்று சொல்வதற்கு அந்த மனம் இருக்கிறது. மனத்தையே மாற்றும் பொருளைச் சோதிக்கும்போது, எந்த மனம் ஒப்புக்கொண்டதோ அதன் மேலேயே மருந்து வேலை செய்கிறது. இருந்த மருந்தை நிறுத்துவதும் அதே இடத்தில்தான் வேலை செய்கிறது. அப்படியிருக்க முதல் நாள் கையொப்பத்தைக் கடைசி நாள் வரை செல்லுபடியாக்குவது எப்படி? என் முறையீட்டின் ஒன்பது பக்கமும் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டன. உங்கள் பதில் அதைத் தொடவே இல்லை.

இந்தக் கேள்வியை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99ஆம் பிரிவு இதைத் தெளிவாக எடுத்துக்கொள்கிறது. ஒப்புதல் தரும் நிலையில் இல்லாத ஒருவர் பங்கேற்பை எதிர்க்காமல் இருந்தாலும், அவரை ஆய்வில் வைத்திருக்க மாநில மனநல ஆணையத்தின் அனுமதி பெற வேண்டும் என்கிறது. ஒப்புதல் தர இயலும் நிலையில் உள்ளவர்களைக் கொண்டு அந்த ஆய்வைச் செய்ய முடியாது என்பது உள்ளிட்ட பல நிபந்தனைகள் நிறைவேற வேண்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதி அவற்றுள் ஒன்று மட்டுமே. பங்கேற்பாளரோ அவர் நியமித்த பிரதிநிதியோ எந்த நேரத்திலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆக, எதிர்க்காமல் இருப்பது வேறு, ஒப்புதல் தருவது வேறு என்று நாடாளுமன்றம் சட்டமாக எழுதிவைத்திருக்கும் வேறுபாட்டை உங்கள் கடிதம் ஒரே வரியில் அழித்துவிட்டது. பிரதிநிதியை நியமிக்கும் உரிமை உண்டு என்பதை அந்த 22 பக்கங்களில் எங்கும் நான் காணவில்லை. யாரும் வாய்மொழியாகச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் அவன் என்னை நியமித்திருப்பான், அந்த வியாழக்கிழமை என் சொல்லுக்கு அங்கே ஒரு மதிப்பு இருந்திருக்கும்.

மனத்தை மாற்றும் பொருள்களின் ஆராய்ச்சிக்கு ஒரு வரலாறு உண்டு, உங்களில் மருத்துவர்களாக இருப்பவர்கள் அதை என்னைவிட நன்கு அறிவீர்கள். நாஜிகளின் தாஹாவ் வதைமுகாமில் கைதிகளுக்கு மெஸ்கலின் என்ற மனமயக்கப் பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அத்தகைய கொடுமைகளை விசாரித்த பிறகுதான், 1947இல், தன்விருப்ப ஒப்புதல் இன்றியமையாதது என்பதை முதல் விதியாகக் கொண்ட நியூரம்பெர்க் நெறிகள் பிறந்தன. அதன் மை உலர்வதற்குள், 1953இல் அமெரிக்க உளவு நிறுவனம் எம்கே அல்ட்ரா என்ற திட்டத்தைத் தொடங்கி, என்ன தரப்படுகிறது என்றே அறியாதவர்களுக்கும் எல்எஸ்டி என்ற மனமயக்கப் பொருளைக் கொடுத்தது. கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் போதை அடிமைகளாக இருந்த கைதிகளுக்கு, சோதனையில் பங்கேற்றதற்குக் கூலியாக அவர்கள் ஏங்கிய போதைப்பொருளையே கொடுத்தார்கள். அவர்களும் மறுக்கவில்லை. மான்ட்ரியலின் ஆலன் நினைவு மனநல நிலையத்தில் சிகிச்சைக்கென்று வந்தவர்களின் நினைவையே துடைத்தெடுக்கும் முயற்சி நடந்தது. இன்று மனச்சோர்வுக்கு நம்பிக்கையாகப் பேசப்படும் கெட்டமைன் முதன்முதலில் மனிதர்களுக்குச் செலுத்தப்பட்டது 1964இல், மிச்சிகனின் ஜாக்சன் சிறைக் கைதிகளுக்கு. உங்கள் ஆய்வை இவற்றோடு ஒப்பிடுவதாக நினைத்துவிட வேண்டாம், அது அநியாயம் என்பது எனக்குத் தெரியும். சிறையில் இருப்பவரும், போதைக்கு அடிமைப்பட்டவரும், நோயில் இருப்பவரும் சொல்லும் ‘சரி’யை மற்றவர்களின் ‘சரி’யைப் போல எடுத்துக்கொள்ளலாகாது என்பதற்காகவே இவற்றை நினைவூட்டுகிறேன்.

நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. 2005இல் பிரித்தானிய மனநல மருத்துவ இதழ் ஒன்றில் ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்து பற்றிய ஆய்வு வெளிவந்தது. மேனியா என்ற மிகை எழுச்சி நோயின் கடும் நிலையில் இருந்த 290 இந்தியர்கள் அதில் பங்கேற்றார்கள். 146 பேருக்கு மருந்து, 144 பேருக்கு மூன்று வாரம், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. மேனியாவுக்கு லித்தியம் உதவும் என்பது 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் எழுதியதிலிருந்தே உலகத்துக்குத் தெரியும், வேறு மருந்துகளும் இருந்தன. அவ்வளவு கடும் நிலையில் உள்ளவர்களுக்கு ஏன் வெற்று மாத்திரை என்று அப்போதே மருத்துவர்கள் அந்த இதழுக்கு எழுதிக் கேட்டார்கள். மேனியாவின் உச்சத்தில் இருக்கும் ஒருவர் உலகமே தன் கையில் என்று நினைப்பார், எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையொப்பமிடுவார். அப்படி ஒருவரை வீட்டில் வைத்திருந்த குடும்பம் எதுவும் இதை மறுக்காது.

ஆராய்ச்சியே கூடாது என்று சொல்பவளாக என்னைக் கருதிவிடாதீர்கள். என் தம்பிக்குப் பதினைந்து ஆண்டு வாழ்வைக் கொடுத்தது ஆராய்ச்சிதான். நம் சர்ப்பகந்தா வேரை எடுத்துக்கொள்ளுங்கள். மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் அது பயன்படுவதை 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள், 1952இல் அதிலிருந்து ரிசர்பைன் பிரித்தெடுக்கப்பட்டது. அதே 1952இல் பாரிஸில் குளோர்ப்ரோமசைன் மனநோயாளிகளுக்குத் தரப்பட்டு மனநல விடுதிகளின் முகமே மாறியது. என்னை மிகவும் நெகிழவைப்பது குளோசபைனின் கதை. 1975இல் பின்லாந்தில் அதை உட்கொண்டவர்களில் சிலர் இரத்த வெள்ளணுக்கள் குறைந்து இறந்தார்கள். பல நாடுகளில் மருந்து விலக்கப்பட்டது. அதற்காக அதைப் புதைத்துவிடவில்லை. வேறு எந்த மருந்துக்கும் இணங்காத 268 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 1988இல் வெளிவந்தது, அடுத்த ஆண்டு அமெரிக்கா அந்த மருந்தை ஒப்புக்கொண்டது, தொடக்கத்தில் வாராவாரம் இரத்தப் பரிசோதனை என்ற கண்டிப்பான நிபந்தனையோடு. அந்த ஆய்வில் குளோசபைனை எதோடு ஒப்பிட்டார்கள்? வெற்று மாத்திரையோடு அல்ல, குளோர்ப்ரோமசைனோடு. மனநல மருத்துவத்தின் பெரிய முன்னேற்றங்களில் ஒன்று, ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களுக்கும் மருந்து கொடுத்தபடியே நிறுவப்பட்டது என்பதை, வெற்று மாத்திரை இல்லாமல் அறிவியல் நிற்காது என்று என்னிடம் சொன்ன உங்கள் உறுப்பினருக்கு நினைவூட்ட விரும்புகிறேன். ஏற்கெனவே மெய்ப்பிக்கப்பட்ட சிறந்த சிகிச்சையோடுதான் புதியதை ஒப்பிட வேண்டும், அதற்கு மாறான நிலை விதிவிலக்கு மட்டுமே என்பதே மருத்துவ ஆய்வு நெறிகளுக்கான உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சின்கி அறிக்கையின் நிலைப்பாடும்.

இப்போது இன்னொரு அலை வருகிறது. சைலோசிபின், எம்டிஎம்ஏ போன்ற, மனநிலையை மாற்றும் போதைப்பொருள்களாக அறியப்பட்டவற்றைச் சிகிச்சைக்குக் கொண்டுவரும் முயற்சிகள் பல நாடுகளில் நடக்கின்றன. ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் வழியாக இவ்விரண்டையும் வரையறைக்குட்பட்டு அனுமதித்திருக்கிறது. அமெரிக்க மருந்து நிர்வாகமோ 2024 ஆகஸ்டில் எம்டிஎம்ஏ சிகிச்சைக்கான விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டது. அதே மாதம் ஓர் ஆய்விதழ் எம்டிஎம்ஏ பற்றிய மூன்று கட்டுரைகளை விலக்கிக்கொண்டது. கனடாவில் நடந்த சோதனையில், மருந்தின் பிடியில் இருந்த ஒரு பங்கேற்பாளரிடம் சிகிச்சையாளர்கள் முறைகேடாக நடந்துகொண்டது அதற்கான காரணங்களுள் ஒன்று. அந்த அமர்வுகளைக் கேமரா பதிவு செய்துகொண்டுதான் இருந்தது. பதிவு இருந்தது, உரிய நேரத்தில் அதைப் பார்த்துக் கேள்வி கேட்க ஆள் இல்லை. உங்கள் அலமாரியில் இருக்கும் பதினோரு சரிகளை நினைத்துக்கொள்கிறேன். இந்த வகை மருந்துகள் நம்பிக்கையையும் நெருக்கத்தையும் பெருக்கிக் காட்டுபவை, எதிரே இருப்பவர் சொல்வதை அப்படியே ஏற்கச் செய்பவை. ‘மறுக்கவில்லை’ என்ற அளவுகோலோடு இவற்றின் சோதனைகளுக்கும் நாளை நீங்கள் அனுமதி கொடுப்பீர்களானால், என் தம்பிக்கு நேர்ந்ததைவிட மோசமானது இன்னொருவருக்கு நேரும்.

அந்த வியாழக்கிழமைக்குப் பத்து நாள் கழித்து அவனை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்தோம். பதினெட்டு நாள் உள்நோயாளியாக இருந்தான். அங்கிருந்த மருத்துவர் ஆய்வு மாத்திரையை நிறுத்திவிட்டுப் பழைய மருந்தைத் தொடங்கினார். அவனுக்கு அதுவரை என்ன போய்க்கொண்டிருந்தது என்று அறிய உங்கள் ஆய்வுக் குழுவுக்கு இருமுறை எழுதினார். யாருக்கு எந்த மாத்திரை என்பதை மறைத்துவைத்திருக்கும் குறியீட்டை அவசர நிலையில் உடைத்துப் பார்க்க ஒவ்வொரு சோதனையிலும் வழி இருக்கிறது என்றும் சொன்னார். பதில் வரவில்லை. இன்றுவரை, என் தம்பியின் உடம்புக்குள் போனது புதிய மருந்தா, வெற்று மாத்திரையா என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மருத்துவமனையில் சேர வேண்டிய அளவு பாதிப்பு வந்தால் அதைத் தீவிரப் பாதக நிகழ்வாகக் கொண்டு 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. உங்கள் கோப்பில் அது ‘நோயின் இயல்பான போக்கு’ என்று பதிவாகியிருக்கிறது. மருந்தைப் பிடுங்கிவிட்டு, அதனால் திரும்பி வந்த நோயை இயல்பான போக்கு என்று சொல்வதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? வெற்று மாத்திரை தரும் சோதனையில், கிடைக்கக்கூடிய உரிய வழக்கமான சிகிச்சையைத் தராததால் விளையும் பாதிப்பையும் சோதனை சார்ந்த பாதிப்பாகவே 2019 விதிகள் கொள்கின்றன.

பட்டறை வேலை போய்விட்டது. முதலாளி நல்லவர், ஐந்து மாதம் இடத்தை வைத்திருந்தார், அதற்கு மேல் அவராலும் முடியவில்லை. தம்பி இப்போது தேறி வருகிறான், மருந்தின் அளவு மட்டும் முன்னைவிட இரு மடங்கு. கை லேசாக நடுங்குகிறது. சென்ற வாரம் மைக்ரோமீட்டரை எடுத்து ஒரு துண்டுக் கம்பியை அளந்து பார்த்தான். மூன்று முறை அளந்தும் மூன்றும் வேறு வேறாக வந்தது. துடைத்து உறையில் வைத்துவிட்டு எழுந்துபோனான்.

உங்கள் குழுவிடம் நான் கேட்பவை இவை. முதலாவதாக, அந்த இரண்டு வாக்கியப் பதிலைத் திரும்பப் பெற்று, என் முறையீட்டை மறுபடி எடுத்து விசாரியுங்கள். அந்த விசாரணையில் என் தம்பியையும் அழைத்துக் கேளுங்கள், அவன் வரத் தயாராக இருக்கிறான். அவனுக்குத் தரப்பட்டது என்ன என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். அவன் உள்நோயாளியாக இருந்ததை இயல்பான போக்கு என்று எழுதிய பதிவைத் திருத்தி, விதிப்படி உரிய அதிகாரிக்கு அனுப்புங்கள். இழப்பீட்டை முடிவு செய்ய வேண்டியவர்கள் செய்யட்டும்.

இனி வரும் சோதனைகளுக்கு: நிலையாக இருக்கும் ஒருவரின் மருந்தை நிறுத்திவிட்டு வெற்று மாத்திரைக்கு மாற்றும் எந்தத் திட்டத்துக்கும் மனநோய்களில் அனுமதி தராதீர்கள். தமிழ்ப் படிவத்தை முத்திரையிடும் முன், மருத்துவம் படிக்காத ஐந்தாறு பேரிடம், அவர்களில் நோயோடு வாழ்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் இருக்கும்படி, கொடுத்து வாசிக்கச் செய்து, அவர்கள் புரிந்துகொண்டதை அவர்கள் வாயால் கேளுங்கள். அந்த வேலையை ஊதியமின்றிச் செய்ய நான் முன்வருகிறேன். ஒப்புதலை முதல் நாளோடு முடித்துவிடாமல் ஒவ்வொரு வருகையிலும், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு மனநல மருத்துவரைக் கொண்டு, பங்கேற்பாளர் முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறாரா என்று பார்த்துப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். தொடர்கிறேன் என்பவரிடம் ஏன் தொடர்கிறீர்கள் என்று கேட்டு அவர் சொல்லும் சொற்களிலேயே பதியச் சொல்லுங்கள். பிரதிநிதியை நியமிக்கும் உரிமையைப் படிவத்தின் முதல் பக்கத்தில் அச்சிடுங்கள். அந்தப் பிரதிநிதி தொலைபேசியில் சொன்னாலும் அன்றே சோதனை நின்று பழைய மருந்து தொடங்க வேண்டும். படிவத்தில் போட்டிருக்கும் இரவு எண்ணை நீங்களே ஓர் இரவு இரண்டு மணிக்கு அழைத்துப் பாருங்கள்.

ஒப்புதல் காணொளிகளில் சிலவற்றையாவது ஒவ்வொரு கூட்டத்திலும் குழுவாக உட்கார்ந்து பாருங்கள். சோதனையால் பயனடைந்தவர்களுக்கு அது முடிந்த பின்னும் அம்மருந்து இலவசமாகக் கிடைக்க விதிகளில் உள்ள வழியை அனுமதியின்போதே உறுதி செய்யுங்கள். முடிவு எதுவானாலும், அரைகுறையாக நின்றுபோன சோதனையானாலும், பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் அதைத் தமிழில் எழுதி அனுப்பச் செய்யுங்கள். மனநோயோடு வாழும் ஒருவரையேனும் உங்கள் குழுவில் உறுப்பினராகச் சேருங்கள்.

மாநில மனநல ஆணையத்துக்கும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் இம்மடலின் பிரதியை அனுப்பியிருக்கிறேன். தமிழகத்தில் நடக்கும் மனநல மருந்துச் சோதனைகளில் எத்தனைக்கு 99ஆம் பிரிவின்படி ஆணையத்தின் அனுமதி கேட்கப்பட்டது, எத்தனைக்குக் கொடுக்கப்பட்டது என்பதை ஆணையம் பொதுவில் வெளியிட வேண்டும் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பதிலை முப்பது நாளுக்குள் எதிர்பார்க்கிறேன். அதை என் பெயருக்கு அனுப்ப வேண்டாம். தம்பியின் பெயருக்கு, அவன் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒப்புதல் படிவத்தின் 22ஆம் பக்கத்தில் சாட்சியாகக் கையொப்பமிட்ட அக்கா